ஐஸ்லாந்து போகிறீர்களா? ஊர்ப் பழக்கங்கள் பற்றிக் கேளுங்கள்

தலைநகர் ரேக்யவிக்கில் குடும்பத்தோடு பல வருடங்களாக வசிக்கிறேன். அருவி, எரிமலை, வானில் ஆடும் வடதுருவ ஒளி பற்றியெல்லாம் தகவல் தாராளமாகக் கிடைக்கிறது. இந்த ஊர் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள், எதை மதிக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் குறைவு. பயணம் திட்டமிடுகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, அங்கே பொது நீச்சல் குளத்துக்குப் போனால் மற்றவர்கள் முன்னால் துணியில்லாமல் குளிக்கணுமாமே? நானும் அம்மாவும் போகிறோம். இதைக் கேட்டதிலிருந்து குளத்துப் பக்கமே வரமாட்டேன் என்கிறார் அம்மா.

பதில்: உண்மைதான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை. அங்கே நீச்சலுடை போடும் முன், சோப்புப் போட்டு உடம்பு முழுக்கக் கழுவ வேண்டும். தலை, அக்குள், தொடையிடுக்கு, பாதம் என்று எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்பதைக் காட்டும் படமே சுவரில் இருக்கும். குளத்து நீரில் குளோரின் மிகக் குறைவாகத்தான் கலக்கிறார்கள். வருகிறவர்கள் சுத்தமாக இறங்கினால்தான் அது நடக்கும். கழுவாமல் நழுவப் பார்த்தால் பணியாளர் கூப்பிட்டுத் திருப்பி அனுப்புவார்.

அம்மாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. பல குளங்களில் திரையோ கதவோ வைத்த குளியலிடம் ஒன்றிரண்டு உண்டு. சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். நீச்சலுக்கென்று தைத்த துணி என்றால் உடம்பு முழுக்க மூடினாலும் பரவாயில்லை. பருத்தி டி-சர்ட், நைட்டி கூடாது. திரும்பி வரும்போது நன்றாகத் துவட்டிக்கொண்டுதான் அலமாரிப் பக்கம் போக வேண்டும். உடை மாற்றும் அறைக்குள் போனை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள்.

இவ்வளவு சொல்லக் காரணம், குளத்தைத் தவற விட்டால் இந்த நாட்டின் பாதியைத் தவற விட்ட மாதிரி. மீன்பிடித்துப் பிழைத்த நாடு இது. கரை தெரியும் தூரத்தில் படகு கவிழ்ந்தும் நீந்தத் தெரியாமல் செத்தவர்கள் ஏராளம். அதனால் 1940இல் பள்ளிகளில் நீச்சலைக் கட்டாயமாக்கினார்கள். பூமிக்கடியிலிருந்து வெந்நீர் கிடைப்பதால் சின்னஞ்சிறு ஊரில்கூடத் திறந்தவெளிக் குளம் இருக்கும். பக்கத்திலேயே 38 முதல் 42 டிகிரி வரை சூடுள்ள தொட்டிகள். மாலையில் அந்தத் தொட்டியில் தச்சரும் பேராசிரியரும் பாட்டியும் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசுவார்கள். வெளியே முன்பின் தெரியாதவரிடம் அதிகம் பேசாத ஐஸ்லாந்துக்காரர் அங்கே உங்களிடம் தானாகப் பேச்சுக் கொடுப்பார். பெரிய விலை கொடுத்து ப்ளூ லகூன் என்ற சுற்றுலா வெந்நீர்க் குளத்துக்குப் போகிறவர்கள் போகட்டும். நீங்கள் 1937இல் திறந்த ரேக்யவிக்கின் பழைய நீச்சல் மாளிகைக்கோ ஏதாவது ஒரு பேட்டைக் குளத்துக்கோ போங்கள்.

கேள்வி: எல்லாருடைய பெயரும் ‘சன்’ என்றோ ‘தோத்திர்’ என்றோ முடிகிறதே, எப்படிக் கூப்பிடுவது? மிஸ்டர் போட வேண்டுமா?

பதில்: இது நமக்கு எளிதில் புரியும். தகப்பன் பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொள்கிறார்கள், நாம் இனிஷியல் போடுவது போல. மகன் என்றால் ‘சன்’, மகள் என்றால் ‘தோத்திர்’. சிலர் தாயின் பெயரைப் போடுவதும் உண்டு. கல்யாணம் ஆனாலும் பெண் பெயரை மாற்றுவதில்லை. ஆகவே ஒரே வீட்டில் அப்பா, அம்மா, மகன், மகள் நால்வருக்கும் நான்கு விதமாக முடியும். தொலைபேசிப் புத்தகம் அச்சான காலத்தில் அதிலும் முதல் பெயர்ப்படிதான் வரிசை இருந்தது.

கூப்பிடுவதும் முதல் பெயர்தான். டாக்டர், ஆசிரியர், ஜனாதிபதி எவரானாலும் அப்படித்தான். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் ஜனாதிபதி 1980இல் இங்கேதான் பதவியேற்றார். அவரையும் நாடு முழுக்க விக்டிஸ் என்றுதான் சொல்லும், அவ்வளவு அன்போடு. மிஸ்டர், மேடம் எதுவும் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் மரியாதைக் குறைவு இல்லை.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா? அந்த அழுகின சுறாவைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: சைவம் சமாளிக்கலாம். ரேக்யவிக்கில் சைவ உணவகங்கள் இருக்கின்றன. ஊர்ப்புறங்களில்தான் சிரமம், போனுஸ், க்ரோனன் போன்ற மளிகைக் கடைகளில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரால் சூடாக்கிய கண்ணாடி வீடுகளில் தக்காளி, வெள்ளரி விளைகிறது. ஃப்ரித்ஹெய்மர் என்ற தக்காளிப் பண்ணையில் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து தக்காளி சூப் குடிக்கலாம். கெட்டித் தயிர் மாதிரி இருக்கும் ஸ்கிர் எல்லா இடத்திலும் கிடைக்கும். சிலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைநொதி சேர்ப்பதுண்டு, உறையில் பார்த்து வாங்குங்கள். தெருவில் விற்கும் ஹாட் டாக்கில் ஆட்டுக்கறி உண்டு. லாகர்வத்ன் ஏரிக்கரையில் சுடுமணலில் புதைத்து வேகவைக்கும் ரை என்ற தானிய ரொட்டியை வெண்ணெயோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

சுறாவை இப்போது யாரும் தினமும் சாப்பிடுவதில்லை. கிரீன்லாந்துச் சுறாவின் பச்சை இறைச்சி விஷம். அதைப் பதப்படுத்திப் பல மாதம் காற்றில் தொங்கவிட்டால்தான் தின்ன முடியும். இந்தத் தீவில் உப்பு அரிது, குளிர்காலம் நீளம். அதனால் இறைச்சியைப் புளித்த தயிர்த்தெளிவில் ஊறப்போட்டும், புகையூட்டியும், காயவைத்தும் காப்பாற்றினார்கள். ஜனவரி பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி பிற்பகுதி வரை தோர்ரி என்ற பழைய மாதம் வரும். அப்போது ஊர் கூடி அந்தப் பழைய உணவுகளைச் சாப்பிட்டுப் பாடுவார்கள். பட்டினியைத் தாண்டி வந்த முன்னோர்களை நினைக்கும் விருந்து அது. தட்டு நீட்டினால் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு வீடியோ மட்டும் எடுக்காதீர்கள்.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு?

பதில்: தேவையில்லை. பில்லில் இருப்பதைக் கொடுத்தால் போதும். எல்லா இடத்திலும் கார்டு எடுக்கும்.

கேள்வி: பாறைக்குள் குட்டி மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நிஜமாகவே நம்புகிறார்களா?

பதில்: முதலில், அவர்கள் குட்டி இல்லை. கதைகளில் வரும் ‘மறைந்திருக்கும் மக்கள்’ நம் உயரத்தில் இருப்பார்கள். ஆடு மாடு வளர்ப்பார்கள், மீன் பிடிப்பார்கள், பாறைக்குள் அவர்களுக்குத் தேவாலயம்கூட உண்டு. அவர்கள் வீட்டுப் பிரசவத்துக்கு உதவப் போன மனிதப் பெண்களின் கதைகள் நிறைய. புத்தாண்டு இரவில் அவர்கள் வீடு மாற்றுவார்கள் என்பார்கள். யோன் ஆர்னசன் என்பவர் இப்படிப்பட்ட கதைகளை நாடு முழுவதிலுமிருந்து சேர்த்து 1862 முதல் 1864 வரை அச்சிட்டார்.

நம்புகிறார்களா என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் தெளிவாகப் பதில் சொல்ல மாட்டார்கள். “பார்த்ததில்லை, இல்லை என்றும் சொல்ல மாட்டேன்” என்பார்கள். கோபவோகூரில் ஒரு தெரு அவர்களுடைய மேட்டுக்கு அருகே வந்ததும் குறுகிவிடுகிறது. 2015இல் சாலை போடும்போது அவர்களுடைய கோயிலாகக் கருதப்பட்ட ஒரு பெரும்பாறையை உடைக்காமல் தூக்கி வேறிடத்தில் வைத்தார்கள். நான் இதை இப்படித்தான் பார்க்கிறேன்: நேற்று வரை புல்வெளியாக இருந்த இடம் இன்று எரிமலைக் குழம்பு ஆகிவிடும் நாட்டில், நிலம் நமக்கு மட்டும் சொந்தமில்லை என்ற உணர்வு ஆழமாக இருக்கிறது. கேலியாகக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அக்கறையாகக் கேட்டால் பாட்டி சொன்ன கதையிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

கேள்வி: ஒரே ஒரு மாதம்தான் லீவு எடுக்க முடியும். எந்த மாதம்?

பதில்: ஐஸ்லாந்துக்காரர்களைப் பார்க்க வேண்டும் என்றால் செப்டம்பர், யோசிக்கவே வேண்டாம். கோடை தொடங்கியதும் ஆடுகளை மலைக்கு விரட்டிவிடுகிறார்கள். மேய்ப்பன் கிடையாது. கோடை முழுக்க அவை தன் போக்கில் திரியும். செப்டம்பரில் பண்ணைக்காரர்களும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் குதிரையேறி மலைக்குப் போய், நாட்கணக்கில் தேடி, மந்தையைப் பள்ளத்தாக்குக்கு இறக்கிக் கொண்டுவருகிறார்கள். பிறகு நடப்பதுதான் ரியெத்திர். வட்டமான பெரிய பட்டி. அதைச் சுற்றிலும் சக்கரத்து ஆரம் போலப் பிரித்த அறைகள், ஒவ்வொரு பண்ணைக்கும் ஒன்று. நடுவில் நூற்றுக்கணக்கில் ஆடுகள் முட்டி மோதும். கிழவர்கள் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை உள்ளே இறங்கி, காதில் வெட்டிய அடையாளத்தைப் பார்த்து, கொம்பைப் பிடித்து, கால்களுக்கிடையே இறுக்கி இழுத்துப் போய் அந்தந்த அறையில் விடுவார்கள். நகரத்துக்குப் போய்விட்ட பிள்ளைகளும் இதற்காக ஊருக்கு வருகிறார்கள். வேலை முடிந்ததும் ஆட்டுக்கறி சூப், பாட்டு, இரவில் நடனம்.

எந்த ஊரில் எந்தத் தேதி என்று விவசாயிகளின் பத்திரிகையில் பட்டியல் வரும். தங்கும் விடுதியில் கேட்டாலும் சொல்வார்கள். வெளியாட்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே இறங்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்; கைகொடுக்க வந்தவரை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. ட்ரோன் கூடாது, ஆடு மிரளும். மாத இறுதியில் ஸ்காகாஃப்யோர்துர் பக்கம் குதிரைகளுக்கும் இதே மாதிரி ஒன்று நடக்கிறது. அந்தக் குதிரைகள் நாட்டை விட்டு ஒருமுறை வெளியே போனால் திரும்பி வரச் சட்டம் விடாது. நோய் வந்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். அதனால் நீங்கள் வேறெங்காவது சவாரிக்குப் பயன்படுத்திய கையுறை, சேணம் எதையும் கொண்டு வராதீர்கள்.

கேள்வி: அந்த வட்டக் கழுத்துப் பூவேலை ஸ்வெட்டர் எங்கே வாங்கலாம்?

பதில்: அது ஆதிகாலத்து உடை என்று நினைக்கிறார்கள், இந்த வடிவம் பரவியது 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். கம்பளியோ பழையது. இங்குள்ள ஆட்டுக்கு இரண்டு அடுக்கு ரோமம், வெளியே நீர் ஒட்டாத நீள இழை, உள்ளே மென்மையான சூட்டு இழை. சீட்டில் ‘ஐஸ்லாந்துக் கம்பளி’ என்று மட்டும் போட்டிருந்தால் பின்னியது வேறு நாடாக இருக்கலாம். ‘ஐஸ்லாந்தில் கையால் பின்னியது’ என்று இருக்கிறதா பாருங்கள். 1977இல் கைப்பின்னல்காரர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கத்துக்கு ரேக்யவிக்கில் சொந்தக் கடை இருக்கிறது. விலை அதிகம்தான். ஆனால் ஒருவருடைய பல நாள் மாலைகள் அதில் இருக்கின்றன, பேரம் பேசாதீர்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வரலாமா? இருட்டாக இருக்குமே.

பதில்: தாராளமாக வாருங்கள். ரேக்யவிக்கில் பகல் நாலு மணி நேரம்தான், ஆனால் வீட்டுக்கு வீடு ஜன்னலில் விளக்கு. இங்கே கிறிஸ்துமஸ் தாத்தா ஒருவரில்லை, பதின்மூன்று பேர். மலையில் வாழும் க்ரீலா என்ற ராட்சசியின் பிள்ளைகள். ஒருவன் கரண்டி நக்குவான், ஒருவன் கதவை அறைவான், ஒருவன் ஸ்கிரைத் தின்று தீர்ப்பான். டிசம்பர் 11 இரவிலிருந்து பிள்ளைகள் ஜன்னலோரம் ஒரு செருப்பை வைப்பார்கள். இரவுக்கு ஒருவனாக இறங்கி வந்து சின்னப் பரிசு போடுவான், குறும்பு செய்தவர்களுக்கு உருளைக்கிழங்கு. புதுத்துணி கிடைக்காதவர்களைத் தின்னும் ராட்சதப் பூனையும் உண்டு. உங்கள் பிள்ளைகளும் விடுதி ஜன்னலில் செருப்பு வைக்கட்டும், உருளைக்கிழங்கை நீங்கள் தவிர்த்துவிடுங்கள்.

23ஆம் தேதி புளிக்கவைத்த திருக்கை மீன் சமைப்பார்கள். அம்மோனியா நெடி தெருவரை வரும். 24 மாலை ஆறு மணிக்கு வானொலியில் மணி ஒலிக்கும், அந்த நிமிடம் பண்டிகை தொடங்கிவிடும். அன்று மாலையும் மறுநாளும் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஃபோஸ்வோகுர் கல்லறைத் தோட்டத்துக்கு அன்று பகலில் போய்ப் பாருங்கள். குடும்பம் குடும்பமாக வந்து விளக்கு வைப்பார்கள். பரிசென்றால் புத்தகம். போர்க்காலத்தில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தபோது காகிதம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது, அப்போது வேரூன்றிய வழக்கம்.

கேள்வி: கார் எடுத்துச் சுற்றுவோம். பண்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

பதில்: நிறையச் சம்பந்தம் இருக்கிறது. சாலையை விட்டு வண்டியை இறக்குவது சட்டவிரோதம், அபராதம் கடுமையானது. 1783இல் தொடங்கிய லாகி வெடிப்பின் குழம்பின் மேல் இன்று பச்சைப் பாசி மெத்தையாகப் படர்ந்திருக்கிறது. காலடி பட்டால்கூட அது ஆற வருடங்கள் பிடிக்கும். கல் மேல் கல் அடுக்காதீர்கள். பழைய கற்குவியல்கள் பனியில் வழி தவறாமலிருக்க வைத்தவை. லாய்ஃப்ஸ்காலவர்தா என்ற ஒரே இடத்தில் மட்டும், முதல்முறை கடக்கிறவர்கள் கல் வைத்துப் போவது பழைய வழக்கம்.

காற்றடிக்கும்போது கார்க் கதவைக் கையால் பிடித்துத் திறங்கள். ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரையில் அலைக்கு முதுகு காட்டாதீர்கள். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிப் போய் மாட்டிக்கொண்டால் மீட்க வருகிறவர்கள் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள். வேலையையும் வீட்டையும் விட்டுப் புயலில் புறப்படுவார்கள். புத்தாண்டு இரவில் ஊரே வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதியை விற்பது அவர்கள்தான், அந்தப் பணத்தில்தான் வண்டியும் கயிறும் வாங்குகிறார்கள். மக்கள் அள்ளி அள்ளி வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பீர்?

பதில்: 20 வயது ஆகியிருக்க வேண்டும். கடையில் வாங்க வேண்டும் என்றால் அரசு மதுக்கடைக்குப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். 1989 மார்ச் 1 வரை பீருக்கே தடை இருந்த நாடு.

கேள்வி: ஒரு ஐஸ்லாந்துக் குடும்பம் வீட்டுக்கு அழைத்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

பதில்: வாசலிலேயே செருப்பைக் கழற்றுங்கள். கையில் இனிப்போ பூவோ போதும். காபி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வெளியே குளிரில் தள்ளுவண்டியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் பதறாதீர்கள், நன்றாகப் போர்த்தித்தான் விட்டிருப்பார்கள்.

கேள்வி: நான் தமிழாசிரியை. அவர்களுடைய பழைய இலக்கியத்தைப் பார்க்க எங்கே போகலாம்?

பதில்: இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். கன்றுத் தோலில் எழுதிய ஏடுகள் பல டென்மார்க்குக்குப் போய்விட்டிருந்தன. 1971 ஏப்ரல் 21 அன்று முதல் ஏடுகள் கப்பலில் திரும்பியபோது பெருங்கூட்டம் துறைமுகத்தில் நின்று வரவேற்றது. இப்போது ரேக்யவிக்கில் பல்கலைக்கழகத்தை ஒட்டி 2023இல் திறந்த எட்டா என்ற கட்டடத்தில் அவற்றைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். 13ஆம் நூற்றாண்டு உரைநடையை, எழுத்துமுறையைச் சற்று மாற்றினால், இன்றைய பள்ளிப் பிள்ளையும் வாசித்துவிடும்.

அப்புறம் வடக்கே க்லாய்ம்பைர் போங்கள். சுவரும் கூரையும் புல்தரையை வெட்டி அடுக்கிய பழைய பண்ணை வீடு. உள்ளே எல்லாரும் சேர்ந்து வேலை செய்து, சேர்ந்து தூங்கிய நீண்ட அறை இருக்கிறது. குளிர்கால மாலைகளில் மற்றவர்கள் கம்பளி நூற்கவும் பின்னவும், ஒருவர் விளக்கருகே உட்கார்ந்து சாகா என்ற பழைய உரைநடைக் கதைகளை உரக்க வாசிப்பார், அல்லது ரீமூர் என்ற கதைப்பாடல்களை ராகம் போட்டுச் சொல்வார். கோடையில் போகிறீர்கள் என்றால் காலையிலேயே போய்விடுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் அந்த அறைக்குள் நிற்க இடமிருக்காது.