இசைத்தாள் கேள்வி-பதில்: துரை விட்டுப்போன 'மெரிகோல்ட்'

கேள்வி: என் தாத்தா தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். துரை ஊருக்குத் திரும்பும்போது பியானோ ஸ்டூலுக்குள் கிடந்த இசைத்தாள்களைத் தாத்தாவிடமே விட்டுவிட்டுப் போனாராம். ஒன்றில் 'மெரிகோல்ட் - பில்லி மேயர்ல்' என்று இருக்கிறது. யார் இவர்? பியானோ தேர்வில் கிரேடு 5 முடித்த என் மகளால் இதை வாசிக்க முடியுமா?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மகள் கொடுத்து வைத்தவள், அம்மா. இந்த ஊரில் என்னிடம் வருகிறவர்கள் எந்த கீபோர்டு மலிவு என்று கேட்பதோடு சரி.

மேயர்ல் லண்டன்காரர், பியானோ கலைஞர், இசையமைப்பாளர், 1902இல் பிறந்தவர். டிரினிட்டி இசைக் கல்லூரியில் படித்தார், சிறுவயதிலேயே ஊமைப்படங்களுக்குப் பியானோ வாசித்தார், அப்புறம் சவாய் ஹோட்டல் நடனக் குழுவில் சேர்ந்தார். 1925இல் அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் புளூ' லண்டன் மேடைக்கு முதன்முதலாக வந்தபோது பியானோவில் இவர்தான். மறு வருஷம் சொந்தமாகப் பள்ளி திறந்து, தபாலிலேயே பியானோ கற்றுக்கொடுத்தார்! உங்கள் துரையும் அப்படிப் படித்தவரோ என்னவோ. தாளின் ஓரத்தில் பென்சிலில் விரல் எண்கள் இருக்கின்றனவா, பாருங்கள்.

'மெரிகோல்ட்' 1927இல் வந்தது. அவருக்குப் பேர் வாங்கித் தந்ததே அதுதான். மனிதருக்குத் தோட்டம் என்றால் உயிர். 'ஹாலிஹாக்', 'ஜாஸ்மின்' என்று பூக்களின் பெயரிலேயே எழுதித் தள்ளினார். வீட்டுக்கும் மெரிகோல்ட் லாட்ஜ் என்றுதான் பெயர். 1959இல் காலமானார். மேதைகள் வரிசையில் நான் இவரை உட்காரவைக்க மாட்டேன். ஆனால் மூன்று நிமிஷ உருப்படியை இவ்வளவு நறுக்கென்று செதுக்கியவர்கள் அதிகம் இல்லை.

மகள் விஷயத்துக்கு வருவோம். மேயர்லின் பாணியில் இடது கைதான் சோதனை. ஒரு சட்ஜத்தையும் அதற்கு அடுத்த மேல் ஸ்தாயியின் காந்தாரத்தையும் ஒரே பிடியில் பிடிக்கச் சொல்லும். சின்னக் கைக்கு எட்டாது. கீழ் ஸ்வரத்திலிருந்து மேலே உருட்டி வாசிக்கட்டும், தப்பில்லை. வலது கையில் இரண்டிரண்டு ஸ்வரமாகச் சேர்ந்து ஓடும், அதுவும் அடி விழுகிற இடத்தில் விழாமல் தள்ளி விழும். வீட்டில் யாராவது தவில் பழகியிருந்தால் கூப்பிட்டு உட்காரவையுங்கள், உடனே பிடித்துவிடுவார். கிரேடு 5க்கு முழு உருப்படியும் கொஞ்சம் அதிகம்தான். முதல் பக்கத்தை மட்டும், தனித்தனிக் கையாக, பாதி வேகத்தில் தொடங்கட்டும். மேயர்லே வாசித்த பழைய ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. முதலில் அதைக் கேட்க விடாதீர்கள். அந்த வேகத்தைக் கேட்டால் பிள்ளை பியானோவை மூடிவிடும்.

கேள்வி: அதை நகல் எடுக்கலாமா? விற்றால் காசு வருமா?
- அதே வாசகி

பதில்: தாராளமாக எடுக்கலாம். மலேசியச் சட்டப்படி படைத்தவர் மறைந்து 50 ஆண்டு வரைதான் காப்புரிமை. இங்கிலாந்தில் 70, அங்கே உங்கள் உறவினர்கள் இருந்தால் அவர்களுக்கு நகலை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். விலை பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், அந்தக் காலத்தில் நன்றாக விற்ற தாள் அது. நகலை மகளிடம் கொடுத்துவிட்டு, மூலத்தைப் பூச்சி அண்டாத டப்பாவில் வையுங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.