ஒருபால் திருமணச் சட்டங்கள் பரவிய வழி: கேள்வி பதில்

கேள்வி: ஒருபால் திருமணத்தை முதலில் சட்டமாக்கிய நாடு எது, ஐயா? இப்போது எத்தனை நாடுகளில் அது செல்லும்?

பதில்: நெதர்லாந்துதான் முதலாவது. 2001 ஏப்ரல் 1 அன்று நள்ளிரவு கடந்ததும், ஆம்ஸ்டர்டாம் மேயர் யோப் கோஹன் நான்கு இணையர்களுக்குத் தாமே மணம் செய்துவைத்தார். 2025 ஜனவரியில் லிக்டன்ஸ்டைனும் தாய்லாந்தும் சேர்ந்தபோது, தைவானையும் உட்படுத்திக் கணக்கிட்டால், எண்ணிக்கை 38 ஆயிற்று.

கேள்வி: டென்மார்க்தான் முன்னோடி என்று படித்திருக்கிறேனே?

பதில்: 1989இல் டென்மார்க் ஏற்றது இணைவாழ்வுப் பதிவை மட்டுமே. திருமணம் அங்கே 2012இல்தான் வந்தது.

கேள்வி: தீர்ப்பால் கிடைத்தால் என்ன, சட்டத்தால் கிடைத்தால் என்ன? விளைவு ஒன்றுதானே?

பதில்: ஒன்றாக இருப்பதில்லை, உரிமை எவ்வழியே வந்தது என்பதைப் பொறுத்தே அதன் அளவும் அமைகிறது. தைவானைப் பாருங்கள். 2017 மே 24 அன்று அதன் அரசமைப்பு நீதிமன்றம், இரண்டு ஆண்டுகளுக்குள் சட்டம் இயற்ற வேண்டும், இல்லையெனில் இணையர்கள் நேரடியாகவே பதிவு செய்துகொள்ளலாம் என்று விளக்கம் 748 எனும் எண்ணிட்ட தன் முடிவில் தீர்ப்பளித்தது. ஆனால் 2018 நவம்பர் பொதுவாக்கெடுப்பில், குடிமைச் சட்டத்தின் கீழான திருமணம் ஆண் பெண்ணுக்கு மட்டுமே உரியது என்று மக்கள் வாக்களித்துவிட்டனர். தீர்ப்பையும் மீற முடியாமல், வாக்கையும் தள்ள முடியாமல் தவித்த அரசு, குடிமைச் சட்டத்தைத் தொடாமல் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் தலைப்பில் திருமணம் என்ற பேச்சே இல்லை. விளக்க எண் 748 மட்டுமே இருக்கிறது. (சாமர்த்தியம் என்பதா, மழுப்பல் என்பதா, நீங்களே முடிவு செய்யுங்கள்.) இந்தச் சமரசத்தால், இணையர் இருவரும் சேர்ந்து தத்தெடுக்கும் உரிமை 2023 மே வரை கிடைக்கவில்லை. தாய்லாந்தோ நாடாளுமன்றத்தின் வழியே குடிமை, வணிகச் சட்டத் தொகுப்பையே திருத்தியதால், தத்தெடுப்பும் வாரிசுரிமையும் தொடக்கத்திலேயே உடன் வந்தன.

கேள்வி: சிறுபான்மையினரின் உரிமையை மக்கள் வாக்குக்கு விடுவது முறையா?

பதில்: எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆயினும் அயர்லாந்தில் அரசமைப்பைத் திருத்த மக்கள் வாக்கெடுப்பு கட்டாயம் என்பதால், 2015 மே மாதம் 62 விழுக்காட்டினரின் ஆதரவோடு அது நிறைவேறியது. 2017இல் ஆஸ்திரேலியா நடத்திய அஞ்சல் கருத்தெடுப்புக்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை, 61.6 விழுக்காட்டினர் ஆம் என்ற பிறகும் நாடாளுமன்றம்தான் சட்டமியற்ற வேண்டியிருந்தது.

கேள்வி: இந்தியாவில் நிலைமை என்ன?

பதில்: 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, மணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அன்று என்று ஒருமனதாகக் கூறி, சட்டமியற்றும் பொறுப்பை நாடாளுமன்றத்திடம் விட்டது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பத்தாரால் தடுத்துவைக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணை அவருடைய தோழியுடன் செல்ல விடுத்ததோடு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும் குறிப்பிட்டது. இத்தீர்ப்பு சேர்ந்து வாழும் உரிமையைக் காக்கிறதே தவிர, மணவாழ்வோடு வரும் வாரிசுரிமையை அவர்களுக்கு அளிப்பதில்லை.