காலுக்கும் நெஞ்சுக்கும் பைபாஸ்: வன்னி உறவுகளின் கேள்விகளுக்குப் பதில்

இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாக வேலை செய்பவன் நான். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பரந்தனிலிருந்து ஒரு தங்கை: அப்பாவுக்குச் சீனி வருத்தம். முழங்காலுக்குக் கீழே இரத்தக்குழாய் அடைத்து, பெருவிரல் கறுத்துவிட்டது. பைபாஸுக்கு, அதாவது அடைப்பைச் சுற்றி இரத்தம் போக வேறு குழாய் பொருத்துவதற்கு, அவருடைய நாளத்தையே (இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயை) எடுக்கப்போகிறார்களாம். காசு செலவழித்தாவது செயற்கைக் குழாய் போட்டால் நல்லதில்லையா?

இல்லைத் தங்கச்சி. முழங்காலுக்குக் கீழே இறங்கும் பைபாஸில் சொந்த நாளத்துக்கு ஈடாக எந்த விலைக் குழாயும் இல்லை. நாளத்தின் உட்படை உயிருள்ளது, இரத்தம் உறையாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். செயற்கைக் குழாய்க்கு அது கிடையாது. அகலமான இடத்தில் தாக்குப்பிடிக்கும், ஒடுங்கிய இடத்தில் சீக்கிரம் அடைத்துவிடும்.

கணுக்காலிலிருந்து கவட்டு வரை ஓடும் நீள நாளத்தை எடுத்து, கிளைகளை ஒவ்வொன்றாக நூலால் கட்டி, சேலைன் ஏற்றி எங்காவது கசிகிறதா என்று பார்ப்போம். அப்புறம் பெரும்பாலும் தலைகீழாகத் திருப்பித்தான் தைப்பார்கள். உள்ளே இருக்கும் வால்வுகள் இரத்தத்தை மேலே மட்டும் விடுபவை, திருப்பாவிட்டால் பாதத்துக்கு இறங்காது.

சத்திரசிகிச்சை வரை அந்தக் காலில் ஊசி ஏற்ற விடாதீர்கள். சுடுநீர் ஒத்தடம், பச்சிலைக் கட்டு எதுவும் வேண்டாம். அவருக்குச் சூடு உறைக்காது, தோல் வெந்துவிடும். வெறுங்காலோடு வயலில் இறங்கவும் கூடாது. கொடுத்த திகதியைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

மாங்குளத்திலிருந்து ஓர் ஐயா: இருதய பைபாஸுக்காவது செயற்கைக் குழாய் உண்டா? நாளம் எடுக்கக் காலைக் கீறுவதற்குப் பயமாக இருக்கிறது.

இருதயத்தின் நாடிகள் (இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்கள்) 2, 3 மில்லிமீற்றர் அளவுதான் ஐயா. அந்த அளவில் நம்பிப் போடக்கூடிய செயற்கைக் குழாய் இன்னும் வரவில்லை. நெஞ்சுச் சுவரின் உட்புற நாடிதான் முதல் தெரிவு, பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும். மிச்ச அடைப்புகளுக்குக் கால் நாளம் தேவைப்படலாம். கால் காயம் ஆறிவிடும். சுருட்டுப் பிடிப்பவரானால் அதைத்தான் இன்றே விடவேண்டும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி: 2009இல் செல் துண்டு பட்டுத் தொடை நாடி அறுந்தது. மற்றக் காலிலிருந்து நாளம் எடுத்துப் பொருத்தினார்கள். இப்போது நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் விடுகிறது.

நீங்கள் சொல்வது இரத்தம் போதாத வலி போலத்தான் இருக்கிறது தம்பி. பழைய ஒட்டு ஒடுங்கியிருக்கலாம். குழாயில் இரத்தம் ஓடுவதைக் காட்டும் டொப்ளர் ஸ்கேன் கேளுங்கள். முழுதாக அடைக்குமுன் கண்டால் பலூனால் விரிக்க வழி உண்டு. ஒரு காலின் நாளம் ஏற்கெனவே போய்விட்டது என்பதையும் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எழுதினால், உடம்பில் செல் துண்டு மிச்சமிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, இரும்புத் துண்டுதான் அந்த மெஷினின் காந்தத்தால் அசையும்.

செட்டிகுளத்திலிருந்து ஓர் அக்கா: டயலிசிஸுக்காக (மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க) என் வீட்டுக்காரரின் கையில் செயற்கைக் குழாய் வைத்திருக்கிறார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது?

பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஊசி போடத் தொடங்குவார்கள் அக்கா. தினமும் காலையில் குழாயின் மேல் விரல் வையுங்கள், பூனை உறுமுவது போல அதிர்வு தெரியவேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ செயற்கைக் குழாயில் கிருமி ஏறியிருக்கலாம், உடனே காட்டுங்கள். அதிர்வு நின்றுவிட்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.