அரிசிக்காரி என்று எழுதலாமா?

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். என் வீட்டுக்காரி போன மார்கழியில் தவறிவிட்டாள். வயது 77. வருசத் திதிக்குப் பேரப்பிள்ளைகள் நினைவு மலர் போடுகிறார்கள். நான் பலா மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்த காலத்தில், அவள்தான் செங்கோட்டையில் வண்டியேறி, கேரளத்துப் புனலூர் வரை அரிசி கொண்டுபோய் விற்று மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தாள். ‘கடத்தல் கதையெல்லாம் மலரில் வேண்டாம், சம்பந்தி வீட்டார் படிப்பார்கள்’ என்கிறான் மூத்தவன். அதை எடுத்துவிட்டால் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, இறந்த தேதிதான் மிஞ்சுகிறது. என்ன செய்ய?
– ஒரு வாசகர், புளியரை

பதில்: அண்ணாச்சி, முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். 1970களில் எனக்கு ஆரியங்காவில் வேலை. தினமும் அந்த மீட்டர்கேஜ் வண்டிதான். ஏறி உட்கார்ந்ததுமே, “டீச்சரே, காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க” என்று ஒரு பை என் இருக்கைக்கு அடியில் போகும். நானும் சேலையை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி நோட்டுத் திருத்துவேன். பகவதிபுரம் தாண்டி வண்டி குகைக்குள் நுழைந்தால் பெட்டியே இருட்டு. வெளிச்சம் வரும்போது மடியில் இருந்தது முதுகுக்கும், முதுகில் இருந்தது பலகைக்கு அடிக்கும் போயிருக்கும். ஒரு நாள், “பிள்ளை அழவே இல்லையே, பாலு குடிச்சுதா?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். துணிச்சுருளுக்குள் நாலு படி அரிசி! பெட்டி முழுக்கச் சிரித்தது.

அவர்களில் உங்கள் வீட்டம்மா யாரோ, தெரியவில்லை. பெயர் கேட்கும் வழக்கமில்லை. புளியரை அக்கா, கட்டளைக்குடியிருப்பு அக்கா, அவ்வளவுதான்.

பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றை விளக்கிச் சொல்லுங்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்ச் சீமைதான். உங்கள் மனைவி பிறந்தபோது புளியரைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே மாநில எல்லையே கிடையாது. பிறகு கோடு வந்தது. 1964 வாக்கில் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகவும் தடை வந்தது. மலைக்கு இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் அரிசிக்குத் தட்டுப்பாடு. நடுவில் ஒரு ரயில். சட்டப்படி தப்புதான், மழுப்ப வேண்டாம். பிடிபட்ட நாள் ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். வெறுங்கையோடு திரும்பிவந்து அன்று ராத்திரி என்ன சமைத்தார்?

‘குலவிளக்கு’, ‘தியாகச் சுடர்’ என்று அச்சகத்தில் தயாராக வைத்திருப்பார்கள். வாங்காதீர்கள். அது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். யார் வீட்டுக்கு விற்றார், மலையாளம் எங்கே கற்றார், திரும்பும்போது என்ன கொண்டுவந்தார்? மரச்சீனிக் கிழங்கா, நல்லமிளகா, பிள்ளைகளுக்குப் பலாச்சுளையா? அளந்த படி இன்னும் வீட்டில் கிடக்கிறதா? கிடந்தால், ஸ்டூடியோ படத்துக்குப் பதில் அதையே அட்டையில் போடுங்கள்.

அப்புறம், எழுதுகிற பேத்தியோ பேரனோ யாராக இருந்தாலும் ஒரு தடவை அந்த ரயிலில் கூட்டிப்போங்கள். அகலப்பாதை ஆக்கி 2018-இல் மறுபடி விட்டிருக்கிறார்கள். குகையும் பதிமூன்று கண் பாலமும் அப்படியே இருக்கின்றன. புனலூரில் இறங்கி, அவர் அரிசி போட்ட தெருவில் வயதானவர்களிடம் விசாரியுங்கள். நீங்கள் பாயில் கிடந்தபோது அவர் பட்டதை உங்களைவிட அவர்கள் அதிகம் பார்த்திருப்பார்கள்.

மூத்தவனிடம் சண்டை போட வேண்டாம். அவனது முதல் பள்ளிக்கூடச் சட்டை எந்தக் காசில் வாங்கியது என்று மட்டும் ஒரு பக்கம் எழுதி, அச்சுக்குப் போகுமுன் அவனையே பிழை பார்க்கச் சொல்லுங்கள்.

என் இருக்கைக்கு அடியில் பை இருந்ததையும் மலரில் சேர்த்துக்கொள்ளலாம். பேரோடே போடுங்கள், இந்த வயதில் என் பென்ஷனை யாரும் நிறுத்தப்போவதில்லை.