கேரட் மூட்டை தூக்கும் மகளும் நீட் கோச்சிங் கேட்கும் மாமாவும்

கோத்தகிரிப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. சனிக்கிழமை ஆனால் என்.எஸ்.எஸ். பிள்ளைகளோடு கேரட் கழுவும் இடத்துக்குப் போய்விடுகிறாளாம். உடைந்தது, இரண்டு கால் விட்டது என்று மண்டிக்குப் போகாமல் ஒதுக்கிய கேரட்டைக் கேட்டு வாங்கி, பை பையாகக் கட்டி, தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் தனியாக இருக்கும் வயசானவர்களுக்குக் கொடுக்கிறார்கள். பனிக்காலத்தில் கொழுந்து குறையும், வேலை நாளும் குறையும். ரேஷன் அரிசி வீட்டில் இருக்கும். குழம்பில் போடக் காய் இருக்காது. “படிக்கிற நேரத்தில் ஊர்வேலை. என் அண்ணன் ஒரு வருஷம் நீட் கோச்சிங்கில் போடு என்கிறார். என்ன செய்ய?” என்பது கேள்வி.

அம்மா, உங்கள் மகள் கெட்டுப்போகவில்லை. ஆறுதல் இவ்வளவுதான்.

டாக்டர் படிப்பு வேண்டாம் என்று அவள் தெளிவாகச் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன பேச்சு? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. உங்கள் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார். ஒதுக்கீடு இருந்தால் ஆசை வந்துவிடுமா? கோச்சிங்குக்கும் கோவை ஹாஸ்டலுக்கும் நகையை அடகு வைக்கலாம் என்கிறீர்களே, கூடவே கூடாது. (யோசனை அண்ணனுடையது, நகை மட்டும் உங்களுடையது!)

இன்ஜினீயரிங், நர்சிங் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் சொல்வது மதுரை ஒத்தக்கடைப் பக்கம் உள்ள சமுதாய அறிவியல் கல்லூரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி அது. அங்கே பி.எஸ்சி. (ஆனர்ஸ்) ஃபுட், நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் (உணவு, ஊட்டச்சத்து, உணவுமுறை) நான்கு வருடப் படிப்பு. நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் ரேங்க். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் வேளாண் படிப்புகளிலும் அதே 7.5 சதவீதம் உண்டு, 2021 சட்டப்படி. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

என்ன சொல்லித்தருவார்கள்? இப்போது அவள் பையைக் கொடுத்துவிட்டு வருகிறாள். அந்தப் பாட்டிக்கு கேரட் போதுமா, பருப்பும் கீரையும் வேண்டுமா என்று கணக்குப் போடத் தெரியாது. அதைத்தான் அங்கே படிப்பாள். அங்கன்வாடியில் குழந்தையின் கையில் ஒரு நாடாவைச் சுற்றி அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கடுமையான ஊட்டக்குறைவு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, வீட்டில் இருக்கும் ராகியையும் சாமையையும் வைத்து எப்படிச் சமாளிப்பது, சத்துமாவில் எது எவ்வளவு சேரவேண்டும், இதெல்லாம் பாடம். உணவு வேதியியலும் நுண்ணுயிரியலும் உண்டு. சமையல் வகுப்பு என்று நினைத்து யாரும் சேரவேண்டாம்.

வேலை? மருத்துவமனை டயட்டீஷியன் (உணவுமுறை ஆலோசகர்), உணவுத் தயாரிப்பு நிறுவனம், தொண்டு நிறுவனம். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. கேட்கும் படிப்புகளில் ஊட்டச்சத்தும் ஒன்று. ஆனால் அந்த அறிவிப்பு வருஷா வருஷம் வராது. ஆரம்பச் சம்பளம் கொஞ்சம்தான், மறைக்க விரும்பவில்லை. பதிவுபெற்ற டயட்டீஷியன் ஆக முதுகலையும் பயிற்சியும் தேர்வும் தாண்டவேண்டும்.

மதுரையில் இடம் கிடைக்காவிட்டால் கோவையில் பெண்களுக்கான அவினாசிலிங்கம் நிறுவனம் இருக்கிறது. செலவு மிச்சம் என்று தபால் வழியில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். ஊட்டச்சத்துப் படிப்பைத் தொலைநிலையில் நடத்த 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தடை போட்டுவிட்டது.

சனிக்கிழமை வேலைக்கு ரேங்கில் ஒரு மார்க் கூடக் கிடைக்காது என்பதை அவளிடமும் சொல்லுங்கள். சான்றிதழுக்காகப் போகிறவள் என்றால் இப்போதே நின்றுவிடலாம். இல்லை, மனசோடு போகிறாள் என்றால் தடுக்காதீர்கள். பொதுத்தேர்வு முடியும்வரை அரை நாளாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், போதும்.

ஆறாம், ஏழாம் வகுப்பு வேறு பள்ளியில் படித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 7.5 சதவீத ஒதுக்கீடு வேண்டுமே, அதுவும் அரசுப் பள்ளிதானா என்று பாருங்கள். ஆமாம் என்றால் அங்கே போய்ப் படிப்புச் சான்றை இந்த மாதமே வாங்கிவிடுங்கள். மே மாதம் தலைமை ஆசிரியரைத் தேடி மலை ஏறி இறங்க முடியாது.