பழைய லேப்டாப்பில் என்ன ஓடும்? பெண்கள் தலைமையில் உருவாகும் கேம்கள்: வாசகர் கேள்வி – பதில்

சிறு குழுக்கள் சொந்தமாக உருவாக்குபவை இண்டி கேம்கள். அவற்றில் பெண்கள் தலைமை ஏற்கும் ஸ்டுடியோக்களின் கேம்களை விளையாடிப் பார்க்க விரும்பும் சேலம், ஏற்காடு வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

‘பெண்கள் நடத்தும் ஸ்டுடியோ’ என்று சொல்கிறார்களே, அதை எப்படித் தெரிந்துகொள்வது? கதையின் முக்கியப் பாத்திரம் பெண்ணாக இருந்தால் போதுமா?
– வாசகி, கன்னங்குறிச்சி

போதாது. ‘வெண்பா’வையே எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் அடுப்படியைச் சுற்றி நடக்கும் அந்த கேம் 2023இல் வந்தது. இட்லியும் புட்டும் நம் கையாலேயே செய்யலாம். தமிழர் ஒவ்வொருவரும் விளையாட வேண்டியது. ஆனால் அதை உருவாக்கிய விசை கேம்ஸின் அபி ஓர் ஆண். ஆகவே நீங்கள் தேடும் வரிசையில் அது வராது.

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் ‘டெவலப்பர்’, ‘பப்ளிஷர்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். பப்ளிஷர் பணம் போட்டு விளம்பரம் செய்பவர். நீங்கள் பார்க்க வேண்டியது டெவலப்பர் வரியை. அடுத்து, கேமின் முதல் மெனுவில் உள்ள ‘கிரெடிட்ஸ்’ பகுதியைத் திறந்து இயக்குநர், கிரியேட்டிவ் டைரக்டர், நிறுவனர் ஆகிய பொறுப்புகளில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஓவியம், இசையில் மட்டும் பெண்கள் பெயர் இருந்தால் அது பங்களிப்பு, தலைமை அல்ல.

சில இடங்களில் பதில் நேராகக் கிடைக்கும். ‘பிஃபோர் ஐ ஃபர்கெட்’ (2020) செய்த த்ரீ ஃபோல்ட் கேம்ஸ் என்பது செல்லா ரமணன், கிளேர் மார்வுட் என்ற இரு பெண்களின் ஸ்டுடியோ. மான்ட்ரியலின் கிட்ஃபாக்ஸ் கேம்ஸின் நிறுவனர்களில் ஒருவரும் தலைவருமாக இருப்பவர் டான்யா எக்ஸ். ஷார்ட். சில இடங்களில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ‘அன்பேக்கிங்’ (2021) உருவாக்கிய விட்ச் பீம், ஆண்கள் தொடங்கிய ஆஸ்திரேலிய ஸ்டுடியோ. ஆனால் அந்த கேமின் கிரியேட்டிவ் டைரக்டர் ரென் பிரையர் என்ற பெண். புனேயின் ‘ராஜி’ (2020) கேமில் ஸ்ருதி கோஷ் இணை நிறுவனர், கலை இயக்குநர். உடன் நிறுவியவர்கள் இரு ஆண்கள். இந்த இரண்டையும் நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம். திரையில் நீங்கள் காண்பது எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு அந்தப் பெண்களின் கையில் இருந்தது என்பதுதான் காரணம்.

இது புதிதாக முளைத்த போக்கும் அல்ல. ‘மிஸ்டரி ஹவுஸ்’ கேமை ராபர்ட்டா வில்லியம்ஸ் வடிவமைத்தது 1980இல். ‘ரிவர் ரெய்டு’ கேமை கேரல் ஷா எழுதியது 1982இல்.

என்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். கிராபிக்ஸ் கார்டு இல்லை. இதில் எதையாவது விளையாட முடியுமா?
– கல்லூரி மாணவி, அம்மாபேட்டை

தாராளமாக முடியும். முதலில் விண்டோஸ் எது என்று பாருங்கள். விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஸ்டீம் 2024 ஜனவரி 1 முதல் ஆதரவை நிறுத்திவிட்டது. 64 பிட் விண்டோஸ் 10 ஆவது இருக்க வேண்டும்.

‘அன்பேக்கிங்’கில் தொடங்குங்கள். ஒரு பெண் 1997 முதல் 2018 வரை எட்டு முறை வீடு மாறுகிறாள். நீங்கள் பெட்டிகளைப் பிரித்து அவள் பொருட்களை அடுக்குகிறீர்கள், அவ்வளவுதான் வேலை. ஒரு வசனம்கூடக் கிடையாது. ஆனால் 2010இல் அவள் குடிபோகும் வீட்டில், சட்டம் போட்ட பட்டச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடும்போது அவள் வாழ்க்கை என்னவாகிக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்கே விளங்கும். எல்லாப் பெட்டிகளும் காலியானதும், இடம் தவறி வைத்த பொருட்களைச் சுற்றிச் சிவப்புக் கோடு தெரியும். அது தொல்லையாகப் பட்டால் அமைப்புகளில் ‘எங்கும் வைக்கலாம்’ என்ற வசதியை இயக்கிவிடுங்கள். மொத்தம் நான்கு மணி நேரம் பிடிக்கும்.

அடுத்து ‘இஃப் ஃபவுண்ட்’ (2020). டப்ளினைச் சேர்ந்த ட்ரீம்ஃபீல் ஸ்டுடியோவில் லாரா மெக்கீ தலைமையில் உருவானது. 1993 டிசம்பரில் அயர்லாந்தின் அகில் தீவில் நடக்கும் கதை. டைரியின் பக்கங்களை மவுஸால் தேய்த்து அழித்துக்கொண்டே படிக்க வேண்டும். டச்பேடில் கை வலிக்கும்; சாதாரண யூஎஸ்பி மவுஸ் ஒன்று இருந்தால் போதும்.

‘பிஃபோர் ஐ ஃபர்கெட்’ முப்பரிமாண கேம். ஆகவே உங்கள் லேப்டாப்பில் திணறலாம். திரை அளவை 1280 × 720 ஆகக் குறையுங்கள். நினைவு மங்கிவரும் விண்வெளி ஆய்வாளர் சுனிதாவின் வீட்டுக்குள் அவர் கண்ணாலேயே நடக்கிறோம். நினைவு திரும்பும்போதெல்லாம், வெளுத்துக் கிடந்த அறைக்கு நிறம் ஏறும். ஒரு மணி நேரக் கதைதான், ஆனால் வீட்டில் மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் மனதைத் தயார் செய்துகொண்டு உட்காருங்கள். ‘ராஜி’, அன்ரியல் என்ற கனமான என்ஜினில் (கேம் உருவாக்கும் மென்பொருள்) செய்தது. இந்த லேப்டாப்புக்கு வேண்டாம்.

எது விளையாடினாலும் குரோமை மூடிவிடுங்கள். 4 ஜிபியில் பாதிக்கு மேல் விண்டோஸுக்கே போய்விடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப், படம் காட்டவும் இதே ரேமில்தான் கடன் வாங்குகிறது. இன்னொரு 4 ஜிபி ரேம் போட்டால் இடமும் கூடும், இரண்டு வழியாகத் தரவு ஓடுவதால் வேகமும் கூடும். கடைக்குப் போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ரேமில் பல வகை உண்டு. குறைந்த வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகை கேட்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டால் இயங்காமல் போகலாம். டிடிஆர்4 அந்த இடத்தில் பொருந்தவே பொருந்தாது.

வாங்கிப் பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வருமா?
– வாசகர், சூரமங்கலம்

ஸ்டீமில் வரும். வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டும். கேமைத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனாலும் அந்த நேரம் கணக்கில் ஏறும். ஒரு மணி நேரக் கேமை முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் விதி இடம் கொடுக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இருவர் மூவர் சேர்ந்து நடத்தும் ஸ்டுடியோவுக்கு ஒவ்வொரு விற்பனையும் அடுத்த மாதச் சம்பளம். முன்கூட்டியே ருசி பார்க்க வேண்டுமானால் ஸ்டீமில் பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதங்களில் நடக்கும் ‘நெக்ஸ்ட் ஃபெஸ்ட்’டில் இலவச டெமோக்கள் கிடைக்கும்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். மழைக்காலத்தில் நெட்டும் கரண்டும் மாறி மாறிப் போகின்றன. பிள்ளைகள் எப்படி விளையாடுவது?
– வாசகி, ஏற்காடு

டவுன்லோடை மலையில் செய்ய வேண்டாம். சேலம் இறங்கும் நாளில் உறவினர் வீட்டு வைஃபையில் முடித்துக்கொள்ளுங்கள். மலையேறும் கேமான ‘செலஸ்ட்’, ‘அன்பேக்கிங்’ போன்றவை ஒவ்வொன்றும் சுமார் 1 ஜிபிதான்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. டவுன்லோடு முடிந்ததும் லேப்டாப்பை மூடி எடுத்துவந்துவிடுகிறார்கள். வீட்டில் திறந்தால் ‘நெட் தேவை’ என்று நிற்கும். சேலத்திலேயே ஒவ்வொரு கேமையும் ஒருமுறை திறந்து முதல் மெனு வரை போய் மூடுங்கள். முதல் முறை திறக்கும்போது கேமுக்கு வேண்டிய துணை மென்பொருட்களை ஸ்டீம் நிறுவும். அப்டேட் எதுவும் பாக்கி இல்லை என்று பார்த்துவிட்டு, மேலே ‘ஸ்டீம்’ மெனுவில் ‘கோ ஆஃப்லைன்’ அழுத்துங்கள். அதன்பிறகு கணக்கிலிருந்து லாக் அவுட் செய்யக் கூடாது. செய்தால் மறுபடி நுழைய நெட் வேண்டும்.

வீட்டில் ஒரே கணக்குக்கு இரண்டு லேப்டாப் இருந்தால் இரண்டாவதற்கு மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. முதல் லேப்டாப்பில் ‘ஸ்டீம்ஆப்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘காமன்’ என்று இருக்கும். அதில் உள்ள கேமின் ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்து, இரண்டாவதில் அதே இடத்தில் வையுங்கள். பிறகு ஸ்டீமில் ‘இன்ஸ்டால்’ கொடுத்தால், இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்துக் குறைவதை மட்டும் இறக்கும். இதற்குக் கொஞ்சம் நெட் வேண்டும், மொபைல் ஹாட்ஸ்பாட்டே போதும். ஆனால் அந்த ஹாட்ஸ்பாட்டில் ஸ்டீம் தானாக எல்லா அப்டேட்டையும் இழுத்து ஒரு நாள் டேட்டாவைக் காலி செய்துவிடும். அமைப்புகளில் டவுன்லோடு பகுதிக்குப் போய், அப்டேட்டுக்கு நேரம் குறித்துவிடுங்கள்.

பேட்டரி செத்த லேப்டாப்பை நேராக மின்சாரத்தில் ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேம் சேவ் எழுதும் நொடியில் கரண்ட் போனால் அந்தக் கோப்பு கெட்டுப்போகலாம். திரை ஓரத்தில் சேவ் குறி சுழலும்போதுதான் ஆபத்து. வாரம் ஒருமுறை சேவ் ஃபோல்டரை வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

இட்ச் தளத்தில் என் டெபிட் கார்டை ஏற்க மாட்டேன் என்கிறது. கணக்கில் பணம் இருக்கிறது.
– வாசகர், ஓமலூர்

இண்டி கேம்களை விற்கும் அந்தத் தளத்தில் விலை டாலரில். உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கும். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வங்கிச் செயலியில் கார்டு கட்டுப்பாடு பகுதிக்குப் போய், வெளிநாடு – ஆன்லைன் என்பதை இயக்கி, 1,000 ரூபாய் என்று வரம்பு வைத்து, வாங்கியதும் அணைத்துவிடுங்கள். ஸ்டீமில் இந்தச் சிக்கல் இல்லை. ரூபாயிலேயே யூபிஐயில் கட்டலாம். இட்சில் ‘விரும்பிய தொகை’ என்று போட்டிருக்கும் கேம்களைப் பணம் கட்டாமலும் எடுக்கலாம். பிரியானா லெய் என்ற பெண் உருவாக்கிய ‘பட்டர்ஃபிளை சூப்’ (2017) அப்படிப்பட்டது. ஜிப் கோப்பாக இறங்கினால் முதலில் முழுதாகப் பிரித்தெடுங்கள். ஜிப்புக்குள்ளிருந்தே இயக்கினால் பக்கத்துக் கோப்புகள் கிடைக்காமல் கேம் உடனே மூடிக்கொள்ளும்.

‘செலஸ்ட்’ கேமில் சாய்வாகத் தாவவே முடியவில்லை. எனக்குத்தான் வேகம் போதவில்லையா?
– பிளஸ் டூ மாணவர், அஸ்தம்பட்டி

உங்கள் கீபோர்டைச் சந்தேகப்படுங்கள். மலிவான கீபோர்டுகள் சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றை விட்டுவிடும். மேல் அம்பு, வலது அம்பு, எக்ஸ் மூன்றும் சேர்ந்தால்தான் மேல்நோக்கிச் சாய்ந்த தாவல் (‘டேஷ்’). நோட்பேடைத் திறந்து இரு அம்புகளையும் அழுத்திப் பிடித்தபடி எக்ஸை அழுத்துங்கள். எழுத்து விழாவிட்டால் குற்றம் கீபோர்டின் மேல்தான். அமைப்புகளில் தாவலை வேறு விசைக்கு மாற்றி, ஒத்துவரும் கூட்டு கிடைக்கும்வரை பாருங்கள்.

பெண்கள் செய்யும் கேம் என்றால் மென்மையாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் தரச் சொல்வோம். மேடி தார்சன் இயக்கி 2018இல் வந்த இது, கையையும் பொறுமையையும் பிழிந்தெடுக்கும். முடியாத கட்டத்தில் ‘அசிஸ்ட் மோடு’ இயக்கி வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம். 80 சதவீதத்தில் தொடங்கிப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உருவாக்கியவர்களே மனதார வைத்த வசதி.

கணினி இல்லை, போன் மட்டும்தான்.
– இல்லத்தரசி, செவ்வாய்ப்பேட்டை

பிரான்சின் ஆக்சிடென்டல் குவீன்ஸ், பெண்கள் தொடங்கிய ஸ்டுடியோ. அவர்களின் ‘எ நார்மல் லாஸ்ட் ஃபோன்’ (2017) போனில் விளையாடப் பொருத்தமானது. கண்டெடுத்த ஒரு போனின் மெசேஜ்களைப் படித்து அதன் சொந்தக்காரருக்கு என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். கடவு எண்கள் மெசேஜ்களில் வரும் தகவல்களிலேயே ஒளிந்திருக்கும். தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். பாலின அடையாளம் பற்றிய கதை. அடுத்து வந்த ‘அனதர் லாஸ்ட் ஃபோன்’ ஒரு பெண்ணை அடக்கியாளும் உறவைப் பற்றியது. இரண்டிலும் படிக்க ஆங்கிலம் நிறைய. பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். இந்த கேமுக்கு உங்கள் நிஜ மெசேஜ்களோ தொடர்பு எண்களோ தேவையே இல்லை. அனுமதி கேட்டால் அது போலி.

பள்ளி மாணவிகள் தமிழில் ஒரு சிறு கேம் செய்கிறார்கள். எழுத்துகள் உடைந்து வருகின்றன. ‘கெ’ எழுதினால் கொம்பு பின்னால் போய்விடுகிறது. என்ன செய்வது?
– ஆசிரியை, ஆத்தூர்

மிகவும் மகிழ்ச்சி. அவர்கள் தட்டச்சு செய்தது சரிதான். யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ‘க’, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்துவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத என்ஜின் சேமித்த வரிசையிலேயே அச்சடித்துவிடும். ‘கொ’வில் முன்னால் வர வேண்டிய கொம்பும் துணைக்காலுடன் சேர்ந்து பின்னால் தொங்கும். கோடோ என்ற இலவச என்ஜினின் 3ஆம் பதிப்பில் இந்த வசதி இல்லை, 4ஆம் பதிப்பில் உண்டு. யூனிட்டி என்ஜினில் எழுத்து காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவும் இதைத் தானாகச் செய்யாது. கோடோவில் செய்கிறார்கள் என்றால் 4க்கு மாறி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேருங்கள். இலவசம், கேமுடன் சேர்த்து வெளியிட உரிமமும் உண்டு. பள்ளிக் கணினி பழையது என்றால் புதிய புராஜெக்ட் தொடங்கும்போது ‘கம்பேட்டிபிலிட்டி’ ரெண்டரரை (திரையில் படம் வரையும் பகுதி) தேர்ந்தெடுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கதை இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

முதல் முயற்சி என்றால், கிளைக்கதை கேம்கள் செய்யும் டுவைன் என்ற கருவி இன்னும் எளிது. அது பிரவுசரிலேயே இயங்குவதால் தமிழ் உடையாது. [[கதவைத் திற->அறை]] என்று எழுதினால் ‘கதவைத் திற’ என்ற இணைப்பும் ‘அறை’ என்ற புதிய பகுதியும் உருவாகிவிடும். ஒன்றில் மட்டும் கவனம்: இணையத்தில் டுவைனைப் பயன்படுத்தினால் கதை அந்தப் பிரவுசருக்குள்ளேதான் இருக்கும். ஆய்வகத்தில் யாராவது ஹிஸ்டரியோடு சேர்த்துத் தளத் தரவையும் அழித்தால் கதையும் போய்விடும். ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் ‘லைப்ரரி’யில் ‘ஆர்கைவ்’ கொடுத்துப் பென்டிரைவில் எடுத்துவையுங்கள்.

வசனத்தை எழுத்தெழுத்தாகத் தோன்றவைக்க மாணவிகள் ஆசைப்படுவார்கள். தமிழில் அது ‘க’ வந்து, பிறகு ‘கி’யாக மாறி, துடித்துத் துடித்துத் தெரியும். சொல் சொல்லாகத் தோன்றும்படி அமையுங்கள், அரை நொடிக்கு ஒரு சொல் என்று வைத்தால் படிக்கவும் வசதி.