சொன்னால் கேட்கும் கையும் கேட்காத வியர்வையும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் முதன்முறையாக மேடையேறிப் பேசினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை வியர்த்து மைக் வழுக்கியது. பேசி முடித்து இறங்கிய பிறகும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. தூக்கு என்றால் கை தூக்குகிறது. வியர்க்காதே என்றால் கேட்பதில்லை. இரண்டையும் நடத்துவது ஒரே நரம்பு மண்டலம்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரே மண்டலம்தான், வழி வேறு. கைத் தசைக்குப் போவது நேர்வழி. தண்டுவடத்தில் இருக்கும் ஒரு நரம்பு செல், இடையில் எங்கும் நிற்காமல் தன் இழையைத் தசைவரை நீட்டியிருக்கிறது. கொழுப்பு உறை போர்த்திய இழை அது. செய்தி நொடிக்கு 50 மீட்டருக்கும் மேல் பாயும். வியர்வைச் சுரப்பிக்குப் போகும் செய்தியோ வழியில் ஒரு நரம்பு முடிச்சில் நின்று வேறொரு செல்லுக்குக் கைமாறுகிறது. அந்த இரண்டாவது இழைக்கு உறை கிடையாது. நொடிக்கு சுமார் ஒரு மீட்டர், நடை வேகம்தான்.

உங்கள் மைக்கையே எடுத்துக்கொள்வோம். அதை இறுக்கிப் பிடித்த தசையின் வாசலில் நரம்பு கொட்டியது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம். அதே மைக்கை வழுக்க வைத்த வியர்வைச் சுரப்பியின் வாசலில் கொட்டியதும் அதே அசிட்டைல்கோலின்தான்! அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிதான் இரண்டு இடத்திலும் வேறு. அதனால் ஓரிடத்தில் இறுக்கம், இன்னோரிடத்தில் ஈரம்.

நாக்கு ஒட்டிய கதை வேறு. உமிழ்நீர் தண்ணீராக ஊறுவது, உடலை ஓய்வில் வைக்கும் எதிர்ப்பரிவு நரம்புகளின் வேலை. பயத்தில் அவை அடங்கிவிடும். உடலை அவசரத்துக்குத் தயாராக்கும் பரிவு நரம்புகள் தூண்டினால் வருவது கொஞ்சம், அதுவும் கெட்டியாக. (நெஞ்சை உலுக்கி, வாயை உலர்த்தும் நரம்புக்குப் போய்ப் பரிவு என்று பெயர் வைத்திருக்கிறோம்.)

சரி, இறங்கிய பிறகும் ஏன் படபடப்பு? தசையின் வாசலில் கொட்டிய அசிட்டைல்கோலினை அங்கேயே ஒரு நொதி கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சிதைத்துவிடும். கையை விடு என்றால் உடனே விடுவது அதனால்தான். ஆனால் பரிவு நரம்பின் ஒரு கிளை சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குப் போகிறது. அது, இதயத்தை வேகப்படுத்தும் அட்ரினலினை நேராக இரத்தத்தில் கலந்துவிடும். கைதட்டல் கேட்டுவிட்டது என்பதற்காக இரத்தத்தில் கலந்ததைத் திரும்ப அள்ள முடியாது. தானாகக் கழியச் சில நிமிடங்கள் ஆகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்களோடு உடன்படவில்லை. கை சொன்னதைக் கேட்கிறது என்கிறீர்கள். இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். சதை நெளிவது முன்கையில்! அந்தத் தசைகளில் ஒன்றுக்காவது நீங்கள் பேர் சொல்லி உத்தரவு போட்டதுண்டா? 'பிடி' என்று நினைத்தீர்கள், மிச்சத்தை மூளை பார்த்துக்கொண்டது. சுரப்பியிடமும் அப்படித்தான் சுற்றி வளைத்துப் போக வேண்டும். ஊறு என்றால் வாய் ஊறாது. கடும்புளிப்பு ஒன்றை மனதில் நினைத்தால் ஊறும்.

இதயத்துக்கும் அப்படி ஒரு பின்வாசல் உண்டு. அதை மெதுவாக்குவது வேகஸ் நரம்பு. 1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்துக்குள் இருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். நரம்பே தொடாத அதுவும் தளர்ந்தது. நரம்பு ரசாயனத்தால் பேசுகிறது என்பதற்கு அது சான்றானது. 1936இல் ஹென்றி டேலோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கண்ட ரசாயனம்? நம் அசிட்டைல்கோலினேதான்.

வேகஸ் மூச்சை விடும்போது ஓங்கும், இழுக்கும்போது தணியும். மூச்சுத் தசைகளோ உங்கள் பேச்சைக் கேட்பவை. அடுத்த முறை மேடைக்குப் போகுமுன் மணிக்கட்டில் விரல் வைத்து, மூச்சை நீளமாக, மெதுவாக விட்டுப் பாருங்கள். விடும்போது நாடி சற்றுத் தயங்குவது விரலுக்கே தெரியலாம்.